மழையில் ஒரு தொங்குபாலம்

கனடாவின் வான்கூவரில் நவம்பர் மழை, நம் நாட்டு ஐப்பசி மழை போன்றதல்ல. இடியுமில்லை, ஓய்வுமில்லை. மழை விட்டபின் போவதென்றால் கோடை வரை காத்திருக்க வேண்டும் என்று கூறி, தோழியர் மூவர் என்னை லின் கன்யன் தொங்குபாலத்துக்கு அழைத்துச் சென்றனர். பக்கத்துக் கப்பிலானோ பாலம் இதைவிடப் பேர்போனது. ஆனால் நுழைவுக் கட்டணம் கையைக் கடிக்கும். 1912ஆம் ஆண்டு திறந்தபோது 10 சதம் அறவிட்ட லின் பாலத்துக்கோ இன்று கட்டணமே இல்லை!

வழியில் ஆளுயர அடிக்கட்டைகள் நின்றன. அந்நாளில் மரம் வெட்டியோர் பலகை செருகி ஏறி நிற்பதற்காகக் கொத்திய பொந்துகள் இன்னும் அவற்றில் தெரிகின்றன. பாசி படர்ந்த அக்கட்டைகளின் மேலேயே புதுக் கன்றுகள் வேரோடியிருந்தன.

பாலம் 50 மீற்றர் உயரத்தில் தொங்குகிறது. கீழே மழைவெள்ளம் நுரைதள்ளி இரைந்தது. ஒருவர் கால் வைத்தாலே முழுப் பாலமும் ஆடியது. எங்களில் மூத்தவரான ராத்தா, கணவர் மௌத்தானபின் கடைக்குக்கூடத் தனியே போகாதவர். கரையிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க போங்க புள்ளைகள். நான் இங்க நிக்கிறன்."

நாங்கள் வற்புறுத்தவில்லை. அக்கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தால், குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கியபடி, இரு கைகளாலும் கம்பிகளைப் பற்றிக்கொண்டு ராத்தா தனியாக வந்துகொண்டிருக்கிறார்! உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. நடுவில் நின்று கீழேயும் எட்டிப் பார்த்தார். எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

மரத்தடியில் ஒதுங்கிப் பிளாஸ்கைத் திறந்தோம். ஆறிப்போன பெட்டிஸ், சுடச்சுட இஞ்சிப் பிளேன்டீ. ஈர முந்தானையைப் பிழிந்தபடி ராத்தா சொன்னார்:

"திரும்பக்குள்ள நான்தான் முன்னுக்கு."