வீட்டுப் பத்திரமும் எம்.பி.ஏ பட்டமும்

ஆம்பூரில் ராத்திரி ஒன்பது மணி. சாப்பிட்டுக் கை கழுவிய அப்பா, பீரோவைத் திறந்து மஞ்சள் பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தார். மகன் முன்னால் வைத்தார்.

"பேங்க்ல கேட்டா இதக் குடுத்துடு. நீ படி."

மகனுக்கு வயது 25. பி.காம் முடித்து, மூன்று வருடமாக ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சம்பளம் 22,000 ரூபாய். ஆர்டர் வந்தால் தோல் வந்ததா, சோல் வந்ததா, எந்தத் தேதியில் கன்டெய்னர் ஏறும் என்று ஓடுவது அவன்தான். ஆனால், வெளிநாட்டு பையர் வரும் நாளில் மீட்டிங் ஹாலில் அவனுக்கு நாற்காலி கிடையாது. "அங்க உக்காரணும்னா எம்.பி.ஏ வேணும் தம்பி" என்று மேனேஜர் ஒருநாள் சொன்னது மனதில் தைத்துவிட்டது.

சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 10 லட்சம்.

அப்பாவின் அவசரத்துக்கும் காரணம் இருந்தது. டேனரியில் 30 வருடம் நின்றவர். சுத்திகரிப்பு வசதி செய்யாத டேனரிகள் இயங்கக் கூடாது என்று பாலாறு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்த நாட்களை அவர் மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டதும் மகன் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. 'தோலை மட்டும் நம்பி இருக்காதே' என்பதுதான் அவர் சொல்லாமல் சொன்னது.

ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "படிச்சு முடிச்சா மாசம் எவ்ளோ குடுப்பாங்க?"

அவனிடம் பதில் இல்லை. அன்றிரவே நோட்டை எடுத்தான்.

10 லட்சம் கடன், 10 சதவிகித வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 13,200. மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 15.86 லட்சம். வேலையை விட்டால் இரண்டு வருடச் சம்பளம் 5.28 லட்சம் போகும். இரண்டையும் கூட்டினால் 21 லட்சத்தைத் தாண்டியது. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி.

இப்போது கையில் வரும் அதே 22,000 தவணை போக நிற்க வேண்டுமென்றால், முதல் சம்பளமே 35,000-க்கு மேல் இருக்க வேண்டும். சென்னை வாடகை அதற்கும் மேல்.

கல்லூரி விளம்பரத்தில் ஒருவர் வாங்கிய உச்சபட்ச சம்பளம்தான் பெரிய எழுத்தில் இருந்தது. மற்றவர்கள்? அங்கே படித்த ஐந்து பேரைத் தேடிப்பிடித்துப் பேசினான். இரண்டு பேர் பேங்க் லோன் விற்கும் வேலையில், ஒருவர் இன்ஷூரன்ஸில், ஒருவர் அப்பாவின் கடையில். நல்ல கம்பெனியில் இருந்தவர் ஒருவர். அவரும் இன்ஜினீயரிங் முடித்து நான்கு வருட அனுபவத்தோடு போனவர்.

தேடும்போது இன்னொன்றும் தெரிந்தது. 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த 'பி.எம் வித்யாலக்ஷ்மி' திட்டத்தில், தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் அடமானமோ, ஜாமீனோ இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவிகித வட்டிச் சலுகையும் உண்டு. அந்தப் பட்டியலில் அவன் பார்த்த கல்லூரி இல்லை.

மறுநாள் ராத்திரி நோட்டை அப்பாவிடம் காட்டினான்.

"இந்த வருஷம் வேணாம்ப்பா. வேலையில இருந்துக்கிட்டே கேட் எழுதறேன், டான்செட் எழுதறேன். பட்டியல்ல இருக்கற காலேஜோ, ஃபீஸ் கம்மியான கவர்மென்ட் சீட்டோ கெடச்சா போறேன்."

"கெடைக்கலன்னா?"

"அஞ்சல் வழியில படிக்கலாம். நாற்காலிதானே, கொஞ்சம் லேட்டா கெடைக்கும்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார். அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்போ பத்திரத்த உள்ள வெச்சிடவா?"

"வெச்சிடுப்பா. அது தேவைப்படாத எடத்துலதான் நான் படிக்கணும்."

அம்மா எழுந்து போய் பீரோ சாவியை எடுத்து வந்தார்.