குழலின் உட்புறம்

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக வயல்களைத் தாண்டி, சுருளிப்பட்டி, கூடலூர் பக்கத்து மலையடிவாரத் தோட்டங்களுக்குப் போனால் பேச்சு சீக்கிரமே காட்டுப்பன்றிக்கு வந்துவிடும். அங்கிருந்து உரிமத் துப்பாக்கிக்கு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் முதலில் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு வகை. இந்தத் துப்பாக்கிகளைக் கையாள்கிறவர்களிடம் பேசி, குழல்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இது: குழலின் உட்புறத்தை வழவழப்பாக்குவது குறி தப்பாமல் சுடுவதற்கான நுணுக்கம் மட்டுமல்ல. சுடுகிறவரின் கண்ணையும் கையையும் காக்கிற வேலை அது.

இந்தத் துப்பாக்கிகளில் கெட்டிக்கும் கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்குமேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையோடு போகும், மற்றது குழலுக்குள் கசடாகப் படியும். ரீமர் என்ற துளைக்கருவி ஓட்டிய புதுக்குழலில் குறுக்குவாட்டில் வளையக் கீறல்கள் இருக்கும், பழைய குழலில் துருக்குழிகள் இருக்கும். கசடு கெட்டியாகப் பிடிப்பது அங்கேதான். சில முறை சுட்டதுமே மருந்தை இடித்துக் கெட்டிக்கும் கஜக்கோல் இறங்க மறுக்கும்; ரவையும் தக்கையும் மருந்தின்மேல் போய் உட்காராமல் நடுவழியில் நின்றுவிடும். அந்த இடைவெளியோடு சுட்டால் குழல் புடைக்கலாம், பிளக்கவும் செய்யலாம். அதனால்தான் விவரமானவர்கள் கஜக்கோலில் ஒரு கோடு கீறி வைக்கிறார்கள். சரியாகக் கெட்டித்தால் கோடு குழல்வாய்க்கு நேராக நிற்க வேண்டும். அரை விரல் உயர்ந்து நின்றாலும் சுடுவதில்லை. 1857-இல் நாட்டையே கொந்தளிக்க வைத்த என்ஃபீல்ட் தோட்டாவில் கொழுப்பு தடவியதற்கும் கசடேறிய குழலில் குண்டு வழுக்கி இறங்க வேண்டும் என்பது ஒரு காரணம்.

பழுதுபார்ப்பவரின் வேலை பார்வைக்கு எளியது. கோலில் நைசான எமரித் தாளைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, நெடுக்குவாட்டில் இழுப்பார். பிறகு இறுக்கமான துணியை ஒரே வேகத்தில் தள்ளுவார். சிக்குகிற இடத்தைக் கை சொல்லிவிடும், அங்கே மட்டும் மறுபடி தேய்ப்பார். உள்ளே புரி வெட்டிய ரைஃபிளாக இருந்தால் இது போதாது. குழலுக்குள்ளேயே ஈயத்தை வார்த்து, புரியின் வடிவிலேயே கட்டியாக்கி, அதில் தேய்ப்புத்தூள் பூசி இழுக்க வேண்டும். புது ரைஃபிளின் கூரிய விளிம்புகள் குண்டைச் சுற்றிய துணியை அறுத்துவிடும். சுட்டபின் தரையில் விழுந்த துணியை எடுத்துப் பார்த்தாலே கீறல் தெரியும். எந்த வகையானாலும் குழல் முழுக்கப் பழகுவது பலமுறை சுட்டுக் கழுவிய பிறகுதான். ஆழமான துருக்குழியைத் தேய்த்தே அழித்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் அடிக்குழலில் இரும்பின் கனம் குறைந்துவிடும். “இது இனி ஆகாது” என்று திருப்பிக் கொடுக்கிறவரைத்தான் நான் நல்ல தொழிலாளி என்பேன்.

சத்தம் போட்டு விரட்டத்தானே, இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். வெறும் மருந்து போட்டுச் சுட்டாலும் கசடு அதேதான். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாரல் காலத்தில் ஓர் இரவு போதும் துருவேற. அதன் உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. கழுவாமல் எண்ணெய் மட்டும் விடுவது உப்பை உள்ளே வைத்து மூடுவது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட மலையின் அடியில் இந்தத் தொழிலை ஏன் பேண வேண்டும்? வேட்டைக்கு உதவாதா? கவலை நியாயமானது. அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைச் சுடுவதும் குற்றமே. ஆனால் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்க்கவும் சோதிக்கவும்கூட உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவரிடம் பதிவேடு இருக்கும். அதிகாரி எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்படிப்பட்டவர்கள் அருகிப்போனால் குழல் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குப் போகும். அங்கே கணக்கும் இல்லை, இரும்பின் கனம் பார்க்கும் கண்ணும் இல்லை. தோட்டக்காரரும் பட்டறைக்காரரும் சேர்ந்தே வழக்கில் சிக்குவார்கள்.

குழல் கெடும் இன்னொரு வேளையும் உண்டு. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் தொடக்கம் வரை இருந்தன. கசடோடு உள்ளே போகும் குழல் அத்தனை நாளும் அரிபட்டுக்கொண்டே கிடக்கும். ஒப்படைக்கும் முன் மருந்தை வெளியே எடுத்து, வெந்நீரில் கழுவி, உலர்த்தி எண்ணெய் விட வேண்டும் என்று அந்த உத்தரவோடு ஒரு வரி சேர்த்தால் அரசுக்குச் செலவில்லை.