நிற்காமல் போன பேருந்துகள்

அந்த அறிக்கையை எழுதியது நான்தான். டப்ளின் புறநகரில் ஒரு மனை. அதில் 200-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்ட எங்கள் அலுவலகம் தயாரித்த விண்ணப்பத்துக்கான அறிக்கை அது. உள்ளூர் கவுன்சிலின் வளர்ச்சித் திட்டம் அனுமதித்த உயரத்தைத் தாண்டி மூன்று மாடிகள் கூடுதலாகக் கேட்டிருந்தோம். அயர்லாந்து அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட கட்டட உயர வழிகாட்டுதல்களின்படி அப்படிக் கேட்கலாம். ஆனால் நிறையப் பேரை ஏற்றிச் செல்லக்கூடிய, அடிக்கடி வரும் பொதுப் போக்குவரத்து அந்த இடத்தில் இருக்க வேண்டும். நான் பேருந்துக் கால அட்டவணையைத் திறந்து, காலையில் மணிக்கு எத்தனை வண்டி என்று எண்ணினேன். நிபந்தனை நிறைவேறுகிறது என்று எழுதினேன்.

அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அப்போது நான் வாடகைக்குக் குடியிருந்ததே அந்தத் தடத்தில்தான். காலை எட்டு மணிக்கு வண்டிகள் நிரம்பி வழிந்து, எங்கள் நிறுத்தத்தில் நிற்காமலே போகும். இடம் கிடைப்பதற்காகத் தினமும் இரண்டு நிறுத்தம் பின்னோக்கி நடந்துபோய் ஏறியவன் நான். அட்டவணையில் வண்டி இருந்தது. வண்டியில் இடம் இல்லை. முதல் பாதியை எழுதி, இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன்? அவசரம் சரியென்று நம்பினேன். ஒரு அறையைப் பார்க்கப் படிக்கட்டு வரை நீண்ட வரிசையில் நின்று, கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். வீடுகள் சீக்கிரம் எழ வேண்டும், தடுப்பவர்கள் எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள் என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு ஏற்றபடி ஒரு சட்டமும் இருந்தது.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விரைவு வழி அது. எஸ்.எச்.டி. என்போம். 100 வீடுகளோ அதற்கு மேலோ, அல்லது மாணவர் விடுதியில் 200 படுக்கைகளோ அதற்கு மேலோ என்றால், கவுன்சிலைத் தாண்டி நேராக அன் போர்டு ப்ளனாலா என்ற அன்றைய தேசியத் திட்ட வாரியத்துக்கே விண்ணப்பிக்க முடிந்தது. 16 வாரத்தில் முடிவு. கவுன்சில் தன் கருத்தை அறிக்கையாகத் தரும், முடிவெடுக்க முடியாது. ஊர்க்காரர்கள் 5 வாரத்துக்குள், 20 யூரோ கட்டி எழுத்தில் கருத்துச் சொல்லலாம். விண்ணப்பத்தில் குறை தெரிந்தாலும், கூடுதல் விவரம் கொடுங்கள் என்று வாரியம் திருப்பிக் கேட்க வழியில்லை. முடிவு வந்தபின் மேல்முறையீடும் இல்லை. மிச்சமிருந்த ஒரே கதவு உயர் நீதிமன்றம்.

எங்கள் விண்ணப்பத்துக்கு வந்த கடிதங்களில் ஒன்று கையால் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் ஒரு மூதாட்டி. மருத்துவமனைக்குப் போக நின்ற ஒரு காலையில் மூன்று பேருந்துகள் தன்னைக் கடந்துபோனதை, நேரம் குறித்து எழுதியிருந்தார். படித்தவுடன் எனக்கு உடம்பு சுட்டது. அவர் நின்றது என் நிறுத்தம். அந்தக் கடிதங்களுக்கு நாங்கள் பதில் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். என் மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, திருத்திப் போடுவோம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அனுமதி வந்தது. ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். கட்டடம் நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்றுதான் பார்க்கும். பேருந்துகளில் இடமிருக்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்ற கேள்விக்கு எங்களிடம் என் ஒரு வரியைத் தவிர எதுவும் இல்லை. அனுமதி ரத்தானது. அந்த ஆண்டுகளில் இப்படி ரத்தான அனுமதிகள் பல. எங்கள் வரைபடங்களைப் போட்ட இளைஞர்கள், நீதிமன்றச் செலவுக்குக் காசு திரட்டிய தெருக்காரர்கள், வீட்டுக்குக் காத்திருந்தவர்கள் என எல்லாரும் சேர்ந்து தோற்றோம்.

2021 டிசம்பர் 17 முதல் புது முறை வந்தது, எல்.ஆர்.டி. என்று பெயர். பெரிய குடியிருப்புகளும் மறுபடி கவுன்சிலுக்கே போக வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே கூட்டம் நடத்தி, கவுன்சில் தன் கருத்தை எழுத்தில் தரும். பிறகு 8 வாரத்தில் முடிவு, 4 வாரத்துக்குள் மேல்முறையீடு, அதை வாரியம் தீர்க்க 16 வாரம் என்று அப்போது வகுத்தார்கள். பழைய காலதாமதம் திரும்புகிறது என்று அலுவலகத்தில் உரக்கப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

அந்த முறையில், வேறொரு மனைக்காக நான் உட்கார்ந்த முதல் கூட்டத்தில், கவுன்சிலின் போக்குவரத்துப் பொறியாளர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வண்டிகளை எண்ணியிருக்கிறீர்கள். காலி இடங்களை எண்ணினீர்களா?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் மூன்று காலைகள் ஒரு நிறுத்தத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று எண்ணினேன். மூன்று காலைகள், அவ்வளவுதான். முதல் மனைக்கும் அவ்வளவே போதுமாயிருந்திருக்கும்.

புது முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வழக்குகள் இன்றும் நடக்கின்றன. ஆனால் தவறைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் அதில் இடமிருக்கிறது. பழைய முறையில் அந்த இடம் இல்லை என்பது உண்மை. அது இல்லாததை நான் எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன் என்பதும் உண்மை. சட்டம் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை.

அந்த மனையில் இன்னும் வேலி மட்டும்தான் நிற்கிறது. அங்கே குடிவந்திருக்க வேண்டியவர்களிடமும், 20 யூரோ கட்டி உண்மையை எழுதிய அந்த மூதாட்டியிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் எழுதியது சரி. நான் எழுதியது தவறு.