மாதந்தோறும் போகும் எட்டாயிரம்

முதன்முதலாக வீட்டுக் கடன் கேட்டு ஒரு வங்கியின் படியேறுகிறவன், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் என்று ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேஜைமேல் வைக்கும்போது, தன் குடும்ப ஜீவனத்தையே அந்நியர் ஒருவர் முன் பிரித்து வைப்பதாக உணர்கிறான். எனக்கு அந்தக் கூச்சம் பிரமாதமாக இருந்தது. கணக்கு விவரத்தின் ஆறு தாள்களிலும், 2-ஆம் தேதிக்கு நேராக, இடமில்லாமல் பாதியில் நின்றுபோன என் தாயாரின் பெயரும், அதன் எதிரே 8,000 ரூபாயும் அச்சாகியிருந்தன.

விண்ணப்பப் படிவத்தில், ‘மாதந்தோறும் செலுத்தும் இதர தொகைகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது? எடுத்த சீட்டு ஒன்றுக்கு இன்னும் ஐந்து தவணை பாக்கியிருந்தது. எடுக்காத சீட்டு சேமிப்பு. எடுத்த சீட்டோ கடன்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாததால், அதைக் கட்டி முடிக்கும்வரை விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தேன். தாயாருக்கு அனுப்பும் பணத்துக்கு அப்படி ஒரு கடைசித் தவணை கிடையாது. இருக்க வேண்டும் என்று எந்த மகனும் விரும்பவும் மாட்டான்.

கடன் ஏற்பாடு செய்து கொடுக்கும் தரகர் ஒருவர், “அதை எதுக்கு சார் எழுதறீங்க? ஆறு மாசம் கையிலே ரொக்கமா கொடுத்துடுங்க, ஸ்டேட்மெண்ட் சுத்தமா இருக்கும்” என்றார். அவர் சொன்னதன் லாபம் பெரிது. கைக்கு வரும் என் சம்பளம் 60,000 ரூபாய். அதில் பாதிவரை தவணைக்கு ஒதுக்கலாம் என்று வங்கி வைத்துக்கொண்டால், எட்டரை சதவீத வட்டியில், இருபது வருஷத் தவணைக்கு, லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் வீதம் 34 லட்சத்துக்கு மேல் கிடைக்கும். எட்டாயிரத்தைக் கழித்துவிட்டால் கிடைப்பது 25 லட்சத்துச் சொச்சம். ஒரு வரியை மறைத்தால் ஒன்பது லட்சம் கூடும். ஒரு படுக்கையறையும் கூடும்.

300-லிருந்து 900 வரை ஒரு மனிதனுடைய நாணயத்தை எண்ணிச் சொல்லும் சிபில் கணக்கில் வங்கிக் கடன் வரும், கிரெடிட் கார்டு பாக்கி வரும். தாயாரின் மருந்துச் செலவு வராது. ஆயினும், தம் வருமானத்தாலும் சொத்தாலும் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் பராமரித்தே ஆகவேண்டும் என்று 2007-ஆம் வருஷத்துப் பராமரிப்புச் சட்டம் விதித்திருக்கிறது. சட்டம் விதிக்காமற் போயிருந்தாலும் என் மனம் விதித்திருக்கும். படிவத்தில் மறைத்துவிடுவதால் அந்தப் பணம் மாதாமாதம் போகாமல் நின்றுவிடுமா? போகத்தான் செய்யும். வங்கியை ஏமாற்றி வாங்கிய அதிகத் தவணையும், அதோடு அந்த எட்டாயிரமும், ஒரே சம்பளத்தின்மேல் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கும். நெருக்கடி வரும் மாதத்தில், சட்டப்படி வசூலிக்க வல்ல வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும், வாய்திறந்து கேட்கத் தெரியாத தாயார்தான் விட்டுக்கொடுப்பாள்.

அவளோ கேட்பதற்கு முன்பே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தாள். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது, “எனக்கு என்னப்பா செலவு? சர்க்கரை மாத்திரையும் பாலும்தானே. நீ முதல்ல வீட்டை வாங்கு” என்றாள். அந்த மாத்திரையின் விலை எனக்குத் தெரியும். அன்று இரவே அந்தக் கட்டத்தில், ‘தாயார் பராமரிப்பு, 8,000’ என்று எழுதிவிட்டேன்.

வங்கி அதிகாரி, என்னைவிட வயதில் இளையவர், பென்சிலால் அந்த வரியின் கீழே கோடிட்டு, “அம்மாவுக்கா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதைக் கழித்தே கணக்குப் போட்டு, 25 லட்சத்துக்கு அனுமதி எழுதினார். நாங்கள் நினைத்திருந்த இரண்டு படுக்கையறை வீட்டை விட்டுவிட்டு, கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றை வாங்கினோம். தாயார் வந்தால் கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு வருத்தமே.

தவணைப் பணத்தை 5-ஆம் தேதி வங்கி பிடித்துக்கொள்கிறது. தாயாருக்கு முன்போலவே 2-ஆம் தேதி போய்விடுகிறது.