நிற்காமல் வளரும் காய்

தாண்டிக்குடியிலிருந்து திரும்பியபோது பையில் ஏழெட்டு பட்டர் ஃப்ரூட் இருந்தன. எல்லாம் ஒரே மரத்துக் காய். ஒன்று முக்கால் கிலோ தேறும். இன்னொன்று சுண்டுவிரல் நீளம், கோவைக்காய் மாதிரி. நாராயணவனத்தில் மாமா இரண்டையும் உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்துத் தராசுபோல் ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“ஒரே மரமாடா?”

ஆயுசெல்லாம் கலெக்டர் மாங்காயோடு வாழ்ந்தவர். பக்கத்து மாவட்டங்களில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்கிறார்களே, அதுதான். சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் காய். “கொத்துல நாலு நின்னா நாலும் சிறுத்துப் போவும். ஒண்ணு நின்னா உருண்டு வரும்” என்றார். அவர் சொன்னது சரிதான். இலை சமைக்கும் சர்க்கரையைத்தான் காய்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனால் இந்தச் சுண்டுவிரல் காய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நறுக்கிக் காட்டினேன். உள்ளே கொட்டையே இல்லை.

காயை வளர்ப்பது காம்பு மட்டுமல்ல, கொட்டையும்தான். வளரும் விதை சுரக்கும் பொருள்கள்தாம் சதையை ‘இன்னும் வா’ என்று இழுக்கின்றன. பூக்கும் காலத்துக் குளிரிலோ வேறு கோளாறிலோ கரு சிதைந்தால் காய் உதிர்ந்துவிடும்; உதிராமல் ஒட்டிக்கொண்டால் இப்படிக் குறுகி நிற்கும். மாமரத்திலும் உண்டு. தை மாதத்துக் கொத்துகளில் கோலிக்குண்டு அளவில் தேங்கிப்போகும் காய்களை மாமா நன்றாக அறிவார். கொட்டை வைத்ததா என்றுதான் அவர் பார்த்ததில்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மாங்காய் பிஞ்சு விட்ட சில வாரங்களுக்குள் தன் செல்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் முடித்துக்கொள்கிறது. பிறகு இருக்கிற செல்கள்தாம் நீரும் மாவும் சேர்த்து உப்புகின்றன. பிஞ்சில் வாடவிட்டுச் சித்திரையில் குடம் குடமாக ஊற்றினால் ஓரளவுக்குத்தான் பலன். பட்டர் ஃப்ரூட் அப்படியல்ல. மரத்தில் தொங்குகிற வரைக்கும் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன, வேகம் குறைந்தாலும் நிற்பதில்லை. ஒரே நாளில் பூத்த இரண்டில், ஒரு மாதம் கழித்துப் பறிப்பது கூடுதல் எடை போட்டிருக்கும், எண்ணெயும் ஏறியிருக்கும். அதைவிட வேடிக்கை, மரத்தில் இருக்கும்வரை அது பழுக்கவே பழுக்காது.

“அப்ப கிளிக்கு எப்படித் தெரியும்?” என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை.

மற்றதெல்லாம் ரகம், வெயில், நீர். 1935இல் கலிஃபோர்னியாவின் தபால்காரர் ருடால்ஃப் ஹாஸ் காப்புரிமை பெற்ற ரகம், பெரும்பாலும் 200 முதல் 300 கிராம். மேற்கிந்தியத் தீவுகளின் வழி வந்தவை கிலோவைத் தொடும். பெரிய மரம் பத்து லட்சம் பூ வரை பூக்கும். ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு காயாக நின்றாலே அதிகம். அந்தப் பூவின் சங்கதியும் தனி: முதலில் பெண்ணாக விரிந்து மூடும், மறுநாள் ஆணாகத் திறக்கும்.

கொட்டையைக் கொல்லையில் நடுவேன் என்று மாமா நின்றார். விதைக்கன்று தாயைப்போலக் காய்க்காது, தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டுக்கன்று வாங்கலாம் என்றேன். நம்மூர்க் கத்திரிக்கு எது தாங்கும் என்பது வேறு கவலை. அவர் கேட்கவில்லை, கிணற்றடியில் குழி தோண்டிவிட்டார்.

இன்னொரு சுண்டுவிரல் காய் பையின் அடியில் கிடந்தது. அதை மாங்காய் பழுக்க வைத்திருந்த வைக்கோலுக்குள் செருகினார். மாம்பழ வாசனையோடு வரும் வாயு இதையும் சீக்கிரம் கனிய வைத்துவிடும். நாலாம் நாள் விரலுக்கு அமுங்கியது. தோலும் மெல்லிசு, கொட்டையும் இல்லை. உப்புத் தொட்டு ஆளுக்குப் பாதி தின்றோம்.