கட்டுநாயக்கவில் இறங்கிக் கண்டிக்கு வருவது

வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் விமானச் சீட்டை வாங்கியதும் கண்டியிலுள்ள எங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் முதற் கேள்வி, கட்டுநாயக்கவிலிருந்து வீட்டுக்கு எப்படி வருவது என்பதுதான். ரொறன்ரோவாயினும் குவைத்தாயினும் கேள்வி மாறுவதில்லை. கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். "அண்ணே, ஒரு வான் புடிச்சு அனுப்பிருங்க." இந்த வான் யோசனையைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். கொழும்பில் வேலை, கண்டியில் வீடு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழியில் போய் வருபவன் என்ற வகையில் எனக்கு அதைப் பற்றிச் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

பத்திரிகையாளர் குழுவொன்றுடன் ஒருமுறை ஜப்பானுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. ஒசாக்கா விரிகுடாவில் செயற்கைத் தீவொன்றை அமைத்து, அதன்மீது 1994இல் திறக்கப்பட்ட கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து பழைய தலைநகரான கியோட்டோவுக்குப் போகவேண்டும். தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். விமான நிலையக் கட்டடத்துக்கு எதிரிலேயே ரயில் நிலையம். 'ஹருகா' என்னும் கடுகதி ரயில் ஒன்றேகால் மணித்தியாலமளவில் எங்களைக் கியோட்டோவில் இறக்கிவிட்டது. பஸ்ஸில் போகலாமா, ரயிலில் போகலாமா என்று எங்கள் குழுவுக்குள் நடந்த வாதம், சாப்பாட்டுக் கடையில் இரண்டு பலகாரங்களில் எதை எடுப்பது என்ற அளவிலேயே இருந்தது. எதை எடுத்தாலும் வயிறு நிறையும்.

அப்போது எனக்குக் கண்டி நினைவுக்கு வந்தது. கட்டுநாயக்கவிலிருந்து கண்டியும் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான். கியோட்டோவைப் போலவே இதுவும் அரசர்கள் இருந்த நகரம், கோயில் நகரம், யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் கியோட்டோவுக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக, 1988இலேயே இடம்பிடித்த நகரம். ஆனால் இங்கு வந்து சேர மூன்று மணித்தியாலம், நெரிசல் இருந்தால் நான்கு. விமான நிலையத்திலிருந்து நேரடி ரயிலும் கிடையாது.

மலைப் பாதையை ஒரு காரணமாகச் சொல்லலாம். ஆனால் மலையில் ரயில் ஓட்ட நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கண்டிக்கு 1867இலேயே ரயில் வந்துவிட்டது. அது வந்தது பயணிகளுக்காக அல்ல, கோப்பிக்காக. தோட்டத்துக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக வெள்ளைக்காரத் துரைமார் கேட்டுப் பெற்ற பாதை அது. அந்தக் கோப்பியைப் பறித்த எங்கள் முன்னோருக்கு அந்நாளில் வாய்த்தது கால்நடைப் பயணம்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டவர்கள் பலர்.

விமான நிலையமோ வேறொரு கணக்கில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை நீர்கொழும்புக்கு அருகே அமைத்த தளமே பின்னர் கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையமாக வளர்ந்தது. புத்தளம் ரயில் பாதை அதன் அருகே செல்கிறது. ஆயின் அந்தப் பாதையில் ஏறினால் கொழும்புக்குத்தான் போகலாம். கண்டிக்குப் போகும் பிரதான பாதை கிழக்கே, வேயங்கொடையில், சுமார் 25 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. இந்த இடைவெளிதான் நம் பயணிகளை வானில் ஏற்றுகிறது என்பது எனது கருத்து.

இந்த இடைவெளியைக் கடக்கப் பழகிக்கொண்டவர்களுக்குப் பகலில் ஒரு நல்ல வழி உண்டு. ஓர் ஓட்டோவையோ வாடகைக் காரையோ பிடித்து மினுவாங்கொடை வழியாக வேயங்கொடை ரயில் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கே நிற்கும் கண்டி ரயிலொன்றில் ஏறிக்கொள்ளலாம். எல்லாக் கடுகதி ரயிலும் அங்கே நிற்பதில்லை என்பதால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. வலப்பக்கத்து ஆசனம் கிடைத்தால் விடவேண்டாம். ரம்புக்கனையைத் தாண்டியதும் ரயில் அலகல்ல மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கும். நீராவி இயந்திரக் காலத்தில் ரம்புக்கனையில் வைத்துப் பின்னால் இன்னொரு இயந்திரத்தைப் பூட்டித் தள்ளிவிடுவார்களாம். சுரங்கம் ஒன்றிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் வலப்பக்கத்தில் பள்ளத்தாக்கு இன்னும் கொஞ்சம் கீழே போயிருக்கும். தூரத்தில் விரித்த புத்தகம் போன்ற பத்தலேகல மலை. அதைப் பார்ப்பதற்காகவே உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் உறவினர்களோ அந்த நேரத்தில் கண்ணாடியேற்றிய வானுக்குள் குளிரூட்டியின் கீழ் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.

பஸ்ஸும் உண்டு. செலவு மிகமிகக் குறைவு. ஆனால் இரண்டு பெட்டிகளுடன் வருபவருக்கு அது பஸ் அல்ல, சோதனை. பொதி வைக்கத் தனி இடம் கிடையாது. இயந்திர மூடியின்மீது ஒன்றை வைக்கலாம். மற்றதுக்கு ஓர் ஆசனத்தின் காசைக் கேட்பார் கண்டக்டர். அவரைக் குறைசொல்லவும் முடியாது, அந்த ஆசனத்தில் ஓர் ஆள் இருந்திருக்கலாம் அல்லவா?

எப்படி வந்தாலும் கடைசி ஆறு கிலோமீற்றர் ஒன்றுதான். பாடசாலை விடும் நேரத்தில் பேராதனையிலிருந்து கண்டி நகருக்குள் நுழைவதற்குள், விமானத்தில் கடல் தாண்டியதைக் காட்டிலும் பொறுமை வேண்டும். எசல பெரஹரா நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவையெல்லாம் பகற் கதை. உண்மையான சிக்கல் இரவில்தான் இருக்கிறது.

வளைகுடா நாடுகளிலிருந்து வரும் விமானங்களிற் பல நள்ளிரவுக்குப் பின்னரும் விடியற்காலையிலும் தரையிறங்குகின்றன. அந்நேரத்தில் வேயங்கொடையில் கண்டி ரயில் இல்லை. பெண்ணொருத்தி பெட்டியுடன் பஸ்ஸுக்காக வெளியே வந்து நிற்கக்கூடிய நேரமும் அது அல்ல. ஆகவே வீட்டிலிருந்து வான் புறப்படுகிறது. வானில் ஒருவர் மட்டும் வருவதில்லை. அம்மா, மாமா, அத்தை, பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பையன் என்று பன்னிரண்டு பேர். ஐந்து வருடம் காணாத முகத்தை வாசலிலேயே காணவேண்டும் என்ற ஆசையைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சாரதியின் கணக்கைப் பாருங்கள். பகல் முழுவதும் வேறு ஓட்டம் ஓடியவர். இரவு எட்டு மணிக்குக் கண்டியில் புறப்பட்டு, பன்னிரண்டுக்குக் கட்டுநாயக்க வந்து, விமானம் தாமதமாகி, மூன்றரைக்குத் திரும்புகிறார். நிட்டம்புவ, வரக்காபொல, கேகாலை என்று வரும்போது மணி ஐந்து. வானிலுள்ள எல்லோரும் உறங்கிவிட்டார்கள். விழித்திருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

இரவுப் பணி ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில் இந்தச் செய்தியை எத்தனை தடவை செம்மைப்படுத்தியிருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. வாசகம் ஏறத்தாழ ஒன்றேதான். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு விமான நிலையத்திலிருந்து திரும்பிய வான், அதிகாலை வேளையில், வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்த லொறியின் பின்புறத்தில் மோதியது. சாரதிக்கு ஏற்பட்ட தூக்கக் கலக்கமே காரணமென்று பொலிஸார் தெரிவித்தனர். ஊரின் பெயரும் இறந்தோர் தொகையும் மட்டுமே மாறும். சில நாட்களில் நிருபர் அனுப்பும் படத்தில் வீதியில் சிதறிய பொருட்கள் தெரியும்: பால்மாப் பெட்டி, போர்வை, பொம்மை. அந்தப் படங்களை நான் பிரசுரத்துக்கு எடுத்ததில்லை.

வான் என்ற பழக்கத்துக்கு வேறொரு வேரும் இருக்கிறது. போர்க் காலத்தில் தமிழர் ஒருவர் கட்டுநாயக்கவுக்குப் பஸ்ஸில் போய் வருவதென்பது, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி விளக்கம் சொல்வதாகும். 2001 ஜூலை 24ஆந் திகதி விமான நிலையம் தாக்கப்பட்ட பின்னர் அது மேலும் இறுகியது. அப்போது எங்கள் வீடுகளில், பொலிஸாருடன் நல்ல சிங்களத்தில் பேசக்கூடிய சாரதியின் வானே பாதுகாப்பு என்று கருதினோம். போர் 2009இல் முடிந்தது, சாவடிகள் போயின. பழக்கம் மட்டும் போகவில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். அட்டைக்கு வாரம் இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களிலும், அயலவரின் ஒதுக்கீட்டைக் கடன் வாங்கிக் கட்டுநாயக்கவுக்கு வான் அனுப்பியவர்களை நான் அறிவேன்.

எனது தங்கை ரொறன்ரோவிலிருந்து குடும்பத்துடன் வந்தபோது விமானம் அதிகாலை இரண்டு மணிக்கு இறங்குவதாக இருந்தது. வழக்கம்போல வான் கேட்டாள். இரவில் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "நீங்க என்ன அண்ணே, பேப்பர்ல எழுதுற மாதிரியே பேசுறீங்க" என்றாள். மைத்துனருக்கும் கோபம். இருபத்திரண்டு மணித்தியாலம் பறந்து வருகிறவர்களை ஏன் வழியில் நிறுத்துகிறாய் என்பது அவருடைய வாதம். அதிலும் நியாயம் இருந்தது. இறுதியில் நீர்கொழும்பில் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்துக் கொடுத்தேன். உறங்கி எழுந்து, இடியப்பம் சாப்பிட்டு, பத்து மணிக்குப் பிறகு புறப்பட்டு, வேயங்கொடையில் ரயிலேறி வந்தார்கள். விடுதிக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஆன செலவு வான் கூலியைவிடக் குறைவு. மைத்துனர் இன்னமும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் மாத்திரம் சுரங்கங்களை எண்ணினார்களாம்; இருவருடைய எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை.

இந்த யோசனையை இன்று அப்படியே சொல்வதற்கு ஒரு தடை உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டை உலுக்கியது. அதற்கு ஒரு வாரம் முன்பே பஹல கடுகண்ணாவையில் வீதியோரக் கடையொன்றின்மீது மண்மேடு சரிந்து உயிர்கள் போயின. புயலோடு ரம்புக்கனைக்கு மேலேயுள்ள ரயில் பாதை சேதமடைந்து, கண்டிக்கான சேவை தடைப்பட்டது. எனவே வருபவர்கள் புறப்படுமுன் ரயிலின் நிலையையும் கடுகண்ணாவ வீதியின் நிலையையும் கேட்டறிந்து வரவேண்டும். மழைக் காலத்தில் இரவில் அந்த மலையேறக் கூடாது என்பதற்கு இப்போது தூக்கக் கலக்கத்துடன் இரண்டாவது காரணமும் சேர்ந்துவிட்டது. சிலர் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மீரிகம - குருநாகல் அதிவேகப் பாதையில் வந்து, கலகெதர வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்கு இறங்குகிறார்கள். அந்த அதிவேகப் பாதை கண்டிவரை வரவேண்டியது, குருநாகலோடு நின்றுபோயிருக்கிறது. வந்தாலும் அது வானுக்கு உதவுமேயன்றி, வான் பிடிக்க வழியில்லாதவருக்கு உதவாது.

கன்சாயைப் போலக் கட்டடத்துக்கு எதிரே ரயில் நிலையம் கட்டுங்கள் என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. ஜப்பானியக் கடனில் கொழும்புக்கு வரவிருந்த இலகு ரயிலை 2020இல் இரத்துச் செய்த நாடு இது. அதே ஜப்பானியக் கடனில் எழுந்துகொண்டிருந்த புதிய விமான நிலைய முனையமும், 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமற் போனதும் பாதியில் நின்றது. நான் கேட்பது சிறியது. நள்ளிரவு தாண்டி, விடியும்வரை, விமான நிலைய வாசலிலிருந்தே கண்டிக்கு இரண்டு பஸ்கள். பெட்டி வைக்க இடமுள்ள பஸ்கள். உறங்கி எழுந்த சாரதிகள். அவ்வளவுதான். விடுதியில் அறை எடுக்கச் சொல்லும் எனது யோசனை டொலரில் சம்பாதிப்பவருக்கு; வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய் வருபவளுக்கு அல்ல.

அவளைப் பற்றி நான் கற்பனையில் எழுதவில்லை. 2023ஆம் ஆண்டு, ஒரு காலைப் பொழுதில், வேயங்கொடை ரயில் மேடையில் ஒரு பெண் கயிறு சுற்றிய பெரிய அட்டைப் பெட்டியின்மீது உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, கண்டிக் கோச்சி இந்தப் பக்கந்தானே வரும்?" என்று கேட்டாள். ஊர் கலஹாவுக்கு அப்பால் ஒரு தோட்டம். குவைத்தில் நான்கு வருடம் இருந்திருக்கிறாள். அதிகாலை மூன்று மணிக்கு இறங்கி, விடியும்வரை விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு மூலையில் இருந்து, பின் இரண்டு பஸ் மாறி அங்கே வந்திருந்தாள். வீட்டில் எவருக்கும் வருவதாகச் சொல்லவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா வான் புடிச்சுக்கிட்டு எல்லாரும் வந்துருவாங்க. வான்காரருக்கு நாந்தானே குடுக்கணும்? அந்தக் காசுக்குக் கூரைக்குத் தகரம் வாங்கலாங்க."

ரயில் வந்தது. மூன்றாம் வகுப்பில் நிற்கத்தான் இடம். பெட்டியைத் தூக்கி ஏற்ற நானும் இன்னொருவரும் வேண்டியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன். சட்டிகள் என்றாள்.