கணக்கு மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் செல்போன் செயலி எழுதக் கற்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி. அவள் அப்பாவுக்குத் திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டில் காய்கறிக் கடை. கடனுக்கு வாங்குகிறவர்களின் பாக்கியைக் கூட்டிக் காட்டும் செயலியை 'ஆப் இன்வென்டர்' கருவியில் செய்திருந்தாள். 2010-ல் கூகுள் வெளியிட்டு, இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. நடத்தும் இலவசக் கருவி அது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம்; வண்ணக் கட்டைகளைப் பொருத்தினால் போதும்.

"சார், தொகையைப் போட்டு பட்டனை அழுத்துறேன். மேல 'பாக்கி 0'ன்னே நிக்குது. நோட்டே போதும்னு அப்பா சொல்லிட்டாரு. எனக்கு இதெல்லாம் வராது போல" என்றாள்.

கூட்டலே நடக்கவில்லை என்பது அவள் முடிவு. "முதல்ல உள்ள பாப்போம்மா" என்றேன். செல்போனை இணைத்தபடி கட்டையின் மேல் வலது கிளிக் செய்தால் 'டூ இட்' என்று வரும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் மதிப்பை அது சொல்லிவிடும். 60 ரூபாய் போட்டு மூன்று முறை அழுத்தியிருந்தாள். மாறியில் 180 இருந்தது!

ஆபத்தே இதில்தான். திரை மாறவில்லையே என்று நாம் மறுபடி அழுத்துகிறோம். உள்ளே கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. 60 ரூபாய்க்குக் காய் வாங்கியவர் பெயரில் 180 ரூபாய் கடன். அப்புறம் கடைக்காரர் பேச்சை யார் நம்புவார்கள்? நல்லவேளை, கடையில் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை.

காரணம் எளியது. 'லேபிளில் மாறியைக் காட்டு' என்ற கட்டையைச் செயலி திறக்கும்போது ஒருமுறை மட்டும் வைத்திருந்தாள். அதன்பின் லேபிள் தானாக மாறும் என்று எண்ணிவிட்டாள்.

வருகைப் பதிவேட்டையும் கரும்பலகை மூலையையும் சொல்லி விளக்கினேன். காலையில் 'பதிவு 42, வருகை 38' என்று எழுதுகிறோம். தாமதமாக ஒரு பிள்ளை வருகிறது, பதிவேட்டில் திருத்துகிறோம். பலகையில் 38 தானாக 39 ஆகுமா? யாராவது அழித்து எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், பலகையைப் பார்த்துச் சத்துணவுக்குக் கணக்கெடுப்பவருக்கு ஒரு பிள்ளை குறையும். மாறி என்பது பதிவேடு. லேபிள் என்பது பலகை.

லேபிள் மாறாதபோது இந்த வரிசையில் பாருங்கள்:

1. பட்டனை அழுத்தியது செயலிக்குத் தெரிந்ததா?
2. உள்ளே மதிப்பு மாறியதா?
3. மாறிய பிறகு அதை லேபிளில் எழுதச் சொன்னோமா? மாறுவதற்கு முன்பே எழுதினால் பழைய எண்தான் வரும்.
4. எழுதியது, திரையில் நாம் பார்க்கும் அதே லேபிளில்தானா?
5. எழுதச் சொல்லிவிட்டு, செயலியை வேறு வேலையில் மாட்டிவைத்திருக்கிறோமா?

ஐந்தாவதும் அவளிடம் இருந்தது. கணக்கை அழிக்கும் முன் 10, 9, 8 என்று எண்ணிக் காட்ட ஒரு சுழற்சி வைத்திருந்தாள். திரையில் 0 மட்டுமே வந்தது. ஆண்ட்ராய்டில் பட்டனுக்கான வேலையைச் செய்வதும் திரையை வரைவதும் ஒரே ஆள் மாதிரி. கையில் உள்ள வேலை முழுதும் முடிந்த பிறகுதான் திரைப் பக்கம் திரும்புவார். அதனால் சுழற்சியை எடுத்துவிட்டு, 'கிளாக்' என்ற உறுப்பை வைத்து, நொடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் குறைத்து எழுதச் செய்தோம். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் திரை வரைய நேரம் கிடைத்துவிட்டது.

ஒரு கட்டையை நகர்த்தியதும், 60 போட்டால் 60 வந்தது. ஒரு மாதம் நோட்டிலும் செயலியிலும் சேர்த்தே எழுதிப் பார்க்கலாம் என்று அவள் அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

செயலி எழுதாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. செல்போனில் பணம் அனுப்பும்போது திரை அப்படியே நின்றால், உடனே இரண்டாம் முறை அழுத்தாதீர்கள். வங்கி இருப்பை ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.